தலையிடிக்குப் பெயரில்லாத குளிசை வாங்காதீர்கள்

மட்டக்களப்பில் தலையிடிக்கு மருந்தெடுக்கப் போகிறவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மாதத்தில் மூன்று நாலு தரம் இடப்பக்கத் தலை விண் விண்ணென்று இடிக்கும். விடியத் தொடங்கினால் அடுத்த நாள் மத்தியானம் வரை விடாது. சத்தியும் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் கிடக்க வேண்டியதுதான். அம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டா. அதில் காசு போகவில்லை, சரி.

டவுனில் ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். கதிரையில் சரியாக இருக்கவுமில்லை, "பீனிசம்" என்று முடிவாகிவிட்டது. எக்ஸ்ரே, அன்டிபயோட்டிக். குறையவில்லை. அடுத்த தரம், "மூளைக்குள்ள ஏதும் இருக்கலாம், ஸ்கேன் எடுப்பம்" என்றார்கள். அதைக் கேட்ட பிறகு யார் மறுப்பார்? 18,000 ரூபா. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காகித உறை தந்தார்கள்: வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசையில் பாதி. உறையில் "காலை - இரவு" என்று மட்டும் கிறுக்கல். பெயர் கேட்டால், "அது எங்கட மருந்து." ஏழு மாதம் முடிய முடிய வாங்கிப் போட்டேன். இடைக்கிடை வந்த இடி தினமும் வரத் தொடங்கியது.

ஒருநாள் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் வரும்போது பார்வையின் ஓரத்தில் நெளிநெளியாக ஒரு மினுங்கல். வாவியில் வெயில் தெறிக்கிறது என்று நினைத்தேன். ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடினேன், அப்போதும் மினுங்கியது. அரைமணித்தியாலத்தில் அது மறைய, இடி தொடங்கியது.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி. மூன்று மணித்தியாலம் வரிசை. ஆனால் அந்த டொக்டர் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், படியேறினால் கூடுமா, வெளிச்சமும் சத்தமும் தாங்குமா? கண்ணுக்குள் டோர்ச் அடித்து, முழங்காலில் தட்டிப் பார்த்தார். "இது மைகிரேன், ஒற்றைத் தலையிடி. ஸ்கேன்ல இது தெரியாது தங்கச்சி, நீங்க சொல்றத வைச்சுத்தான் பிடிக்கணும்." அந்த நெளிகோட்டுக்குப் பெயர் ஓராவாம்.

பிறகு, "மாதத்தில எத்தனை நாள் குளிசை போடுறீங்க?" விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். சாதாரண வலிக்குளிசையே மாதம் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்தைத் தாண்டினால், அதுவே தலையிடியைக் கொண்டுவருமாம். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த குளிசை என்றால், மாதம் 10 நாள் போட்டாலே அப்படி ஆகிவிடுமாம். உறையில் இருந்தது எதுவென்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சடுதியாக உச்சத்துக்கு ஏறும் இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழப்பது, 50 வயதுக்குப் பிறகு புதிதாக வரும் தலையிடி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி இடிக்கும் நாளையும் குளிசை போட்ட நாளையும் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்.

பில் கேட்டு அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். "நாங்க துண்டு குடுக்கிறல்ல" என்றார்கள். மிச்சக் குளிசையோடு உறை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.