ஆட்டோவுக்கு ஒன்று, பல்லாங்குழிக்கு ஒன்று: பைகேமில் கீபோர்டைக் கேட்கும் வழிகள்

பெரம்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒருவன், மவுண்ட் ரோட்டில் பள்ளங்களுக்குத் தப்பி ஓடும் ஆட்டோ விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். "அண்ணா, ஆட்டோ திக்குதுண்ணா" என்றான். வலது அம்புக்குறியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஆட்டோ ஒரு அடி நகர்ந்து நின்றது; கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஓடியது. அதற்குள் பள்ளத்தில் விழுந்தாகிவிட்டது.

அவன் கீடவுன் (KEYDOWN) நிகழ்வை, அதாவது கீ அழுத்தப்பட்டதும் வரும் சேதியை, நம்பியிருந்தான். பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் நூலகமான பைகேமில், ஒரு கீயை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் அந்த நிகழ்வு ஒரே ஒரு முறைதான் வரும். அதைச் சமாளிக்க, பிடித்திருக்கும் கீக்கு நிகழ்வைத் திரும்பத் திரும்ப அனுப்பும் செட் ரிப்பீட்டை (set_repeat) போட்டு, முதல் தாமதத்துக்கு 300 மில்லிசெகண்ட் கொடுத்திருக்கிறான். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) ஓடும்போது அது 18 ஃபிரேம். திக்கலுக்குக் காரணம் அதுதான்.

தமிழிலேயே யோசித்தால் இது எளிது. 'அழுத்தினான்' என்பது ஒரு சங்கதி. 'அழுத்திக்கொண்டிருக்கிறான்' என்பது வேறு சங்கதி. கீடவுன் சொல்வது முதலாவதை. கெட் பிரஸ்டு (get_pressed) என்ற ஃபங்ஷன், இந்த நொடியில் எந்தெந்த கீ கீழே இருக்கிறது என்று சொல்கிறது. ஆட்டோவுக்கு வேண்டியது இரண்டாவது. நிகழ்வுக்குள் இருந்த நகர்த்தும் வரியை எடுத்து, விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பில் ஃபிரேமுக்கு ஒரு முறை கெட் பிரஸ்டைக் கேட்கும்படி மாற்றினோம். வழுக்கிக்கொண்டு ஓடியது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கெட் பிரஸ்டே போதுமா? போதாது. அதே வகுப்பில் ஒரு பெண் பல்லாங்குழி செய்கிறாள், 14 குழி. அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு குழி நகர வேண்டும். அவள் போட்டிருந்ததோ கெட் பிரஸ்டு. விரல் கீமேல் நொடியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆறு ஃபிரேம் ஆகிவிடுகிறது. ஒரே தட்டில் ஆறு குழி தாண்டிப் போகிறது. அங்கே கீடவுன்தான் சரி. இன்னொன்றும் உண்டு: பழைய லேப்டாப் திணறி ஒரு ஃபிரேமை இழுத்தடிக்கும்போது, அந்த இடைவெளியிலேயே அழுத்தி விட்டுவிட்டால் கெட் பிரஸ்டுக்குத் தெரியவே தெரியாது. நிகழ்வு வரிசையில் அது பத்திரமாகக் காத்திருக்கும், எது முன், எது பின் என்பதோடு சேர்த்து.

கெட் பிரஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்வு லூப்பைத் தூக்கிவிடவும் கூடாது. நிகழ்வுகளைக் கவனிக்கும் ஈவென்ட் கெட் (event.get) அல்லது பம்ப் (event.pump) நடக்காவிட்டால் கீ நிலவரம் புதுப்பிக்கப்படாது.

ஜன்னல் செய்ய உதவும் இன்னொரு பைத்தான் நூலகமான டிகின்டரில், கீயை ஒரு ஃபங்ஷனோடு கட்டும் பைண்டு (bind) போதும், பட்டனும் ஃபார்மும் உள்ள புரோகிராமுக்கு. விளையாட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அதில் கெட் பிரஸ்டு போல ஒன்று இல்லாததால், கீழே இருக்கும் கீக்களை நாமே ஒரு செட்டில் குறித்து வைக்க வேண்டும். நடுவில் வேறு ஜன்னலுக்குத் தாவினால் கீயை விட்ட சேதி வராமலே போகலாம். ஆட்டோ தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜெயித்தவர் பெயரைத் தமிழில் அடிக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு தரப்படுத்தப்பட்டது, 1999இல் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாகத்தான். அதில் அடிக்கும்போது எந்த கீ என்று கேட்டுப் பயனில்லை, என்ன எழுத்து வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு பைகேம் 2இல் டெக்ஸ்ட்இன்புட் நிகழ்வு இருக்கிறது. அழிப்பதற்குத்தான் கவனம் வேண்டும்: 'கோ' கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு குறி. கடைசிக் குறியை மட்டும் வெட்டினால் திரையில் 'க' மிச்சம் நிற்கும்.