மா, பா, ந, ஆ: தமிழில் இணை சொல்வதா, காட்சியில் பழக்குவதா?

சீன வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் இந்த நான்கு குட்டிச் சொற்களைத் தமிழருக்குச் சொல்லித்தர இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தமிழ் இணை கொடுப்பது. மற்றது, விளக்கத்தை விட்டுவிட்டுக் காட்சி அமைத்துப் பேசவைப்பது.

'மா'வுக்கு முதல் வழிதான்; நம் கேள்வி விகுதி 'ஆ'தான் அதற்கு இணை. 'நீ லாய் மா?' என்றால் 'நீ வர்றியா?' (அங்கேயும் 'நீ' என்றால் நீதான். தற்செயல்தான், ஆனாலும் கேட்கச் சுகம்.) 'யார் வந்தாரா?' என்று நாம் கேட்பதில்லை. அதனால் 'யார்', 'என்ன' வரும் கேள்வியில் மா சேர்க்காதே என்று தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

ஆனால் இதே இணைதான் காலையும் வாரும். 'டீயா, காபியா?', 'வருவியா, மாட்டியா?' என்று நாம் இரண்டிலும் ஆ வைப்போம். அந்தப் பழக்கத்தில் 'நீ ஹ ச்சா ஹாய்ஷ காஃபெய் மா?' என்று வாயில் வந்துவிடும். அங்கே 'ஹாய்ஷ' ('இதுவா, அதுவா' என்று கேட்கும் 'அல்லது') வந்தாலே அது கேள்விதான். 'லாய் பு லாய்?' ('வருவியா, மாட்டியா?') என்பதும் அப்படியே. மேலே மா ஒட்டினால் பிழை. 'மா' நடத்தும் அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும்; இணை சொல்லித்தருபவர்கள் பலர் இங்கே கோட்டை விடுகிறார்கள்.

'பா'வுக்கும் இணை பாதி தூரம் வரும். 'நீ ஷ லாவ்ஷ பா?' என்றால் 'நீங்க வாத்தியார்தானே?' 'லாய் பா' என்றால் 'வாயேன்.' ஆனால் 'ஹாவ் பா'வும் 'ஹாவ் ஆ'வும் அகராதியில் ஒரே 'சரி'தான். சினிமாவுக்குக் கூப்பிடும் நண்பரிடம் 'ஹாவ் ஆ' என்றால் 'ஓ, போலாமே!' 'ஹாவ் பா' என்றால் பெரும்பாலும் 'ம்... சரி, போலாம்'. ஆசையாகச் சொன்னதாக நீங்கள் நினைப்பீர்கள். அவரோ இவருக்கு இஷ்டமில்லை போல என்று நினைப்பார். இது பட்டியலில் பிடிபடாது. இரண்டு பேரை நிறுத்தி, ஒரே அழைப்புக்கு இரண்டு பதிலும் சொல்லவைத்து, முகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

'ந'வுக்குக் காட்சி மட்டுமே. 'நான் நல்லா இருக்கேன், நீ ந?' என்று பேச்சைத் திருப்பலாம். பையைத் துழாவியபடி 'வொ ட ஷோவ்ஜி ந?' என்றால் 'என் போன் எங்கே?' இதை இன்னொரு கேள்விக்குறி என்று மனப்பாடம் செய்தவர் 'நீ ஷ லாவ்ஷ ந?' என்று கேட்டு நிற்பார். அங்கே வர வேண்டியது மா.

எந்த வழியானாலும் உச்சரிப்பில் ஒரு கண் வேண்டும். 'வர்றியாஆ?' என்று நாம் இழுப்பதுபோல் இழுக்காமல், மாவையும் நவையும் லேசாகத் தொட்டுவிட்டு நிறுத்தவேண்டும்.