காற்றா, தண்ணீரா? போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டு ஆயில் கூலர்கள்

மலையடிவாரத்து முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை மாதம் கீழே போடியில் புளியமர நிழலே சுடும். மேலே போனால் துண்டைக் காதோடு சுற்றிக்கொள்ளத் தோன்றும். நடுவில் இருக்கும் சுமார் 20 கிலோமீட்டரும் இரண்டாம் கியர்தான். முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் போனால் அதுவும் இல்லை, முதல் கியர்.

வாரத்துக்கு மூன்று நாள் இந்த ரோட்டில் ஏறி இறங்குகிறேன். என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் பெட்ரோல் மாருதி ஜிப்ஸி. மச்சினனிடமும் அதே வண்டி, அதே இன்ஜின். ஏற்றத்தில் சூடேறும் இன்ஜின் ஆயிலை ஆறவைக்க, நான் கிரில்லுக்குப் பின்னால் காற்றில் ஆறுகிற ஆயில் கூலர் போட்டேன். அவன் ஆயில் பில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே, ரேடியேட்டரில் சுற்றுகிற கூலன்ட் தண்ணீரில் ஆறுகிற ஒரு சின்ன டப்பாவைப் போட்டான். மூன்று வருடமாக இரண்டும் ஓடுகின்றன. ஊரில் யாராவது ஆயில் கூலர் பற்றிக் கேட்டால் எங்கள் இருவரையும் சேர்த்தே கேட்கிறார்கள். நாங்கள் சேர்ந்து பதில் சொன்னதில்லை.

முதலில் ஒன்று. டேஷ்போர்டில் இருக்கும் முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயிலின் சூடு அதில் தெரியாது. தண்ணீரை 90 டிகிரி பக்கம் தெர்மோஸ்டாட் என்கிற, சூட்டுக்குத் திறந்து மூடும் வால்வு பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இழுக்கும்போது ஆயில் அதைவிட 20, 30 டிகிரி மேலே போய் நிற்கும், முள் அசையவே அசையாது. ஆயிலுக்கு 90 முதல் 110 வரை சுகமான இடம். 120ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 130க்கு மேல் சாதாரண மினரல் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போகும். சூடு 10 டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே கூலர் வாங்கும் முன் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று வாங்குங்கள். நான் அளந்தபோது ஏப்ரல் மதியத்தில், நாலு ஆள், இரண்டு மூட்டையோடு மெட்டில் 126 காட்டியது. மச்சினன் வண்டியில் 121. அவன் பொறுமையாக ஓட்டுவான்.

இரண்டு கூலருக்கும் முன்னால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. கூலரே போடாமல் இருப்பது. என் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது தகடுகளுக்கு நடுவில் செம்மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தன. கழுவி மாட்டியதும் 126 என்பது 121 ஆனது. அப்புறம் மினரல் ஆயிலை விட்டு சிந்தெடிக்குக்கு மாறினேன். சிந்தெடிக் சூட்டைக் குறைக்காது, சூட்டைத் தாங்கும். அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம். மாதம் ஒரு தடவை மூணாறு போய் வருகிறவருக்கு இத்தோடு கதை முடிந்தது. பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு முடியவில்லை. வாரம் மூன்று தடவை ஏறுகிறேன், பாரத்தோடு.

என் கூலர்: காற்று

பில்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாண்ட்விச் பிளேட் என்ற வட்டத் தட்டை வைப்பார்கள். பில்டர் அதன் மேல் உட்காரும். தட்டிலிருந்து இரண்டு ஹோஸ் முன்னால் போகும், கூலரில் ஆயில் சுற்றி ஆறித் திரும்பும். சொல்லும்போது சுலபம்.

முதல் தவறு மரையில், அதாவது திருகுப் பள்ளத்தில். ஜிப்ஸியின் பில்டர் மரை 20 மில்லிமீட்டர், பிட்ச் (சுற்றுக்குச் சுற்று இடைவெளி) 1.5 மில்லி. ஆன்லைனில் வாங்கிய கிட்டில் இன்ஜின் பக்கத்து மரை சரியாக இருந்தது. பில்டர் ஏறும் பக்கம் முக்கால் இன்ச். அதாவது 19.05 மில்லி. ஒரு மில்லிக்கும் குறைந்த வித்தியாசம். பில்டர் ஏறிவிடும், இறுகுவது போலவும் இருக்கும். மெக்கானிக் அண்ணன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கையை எடுக்காமலே, பில்டரை இடம் வலமாக அசைத்துக் காட்டினார். “தம்பி, ஆடுது பாரு. இது பிடிச்சா மாதிரி நடிக்குது.” ஓடும் இன்ஜினில் ஆயில் நாலு பார் அழுத்தத்தில் போகும். நடு மெட்டில் அந்த மரை வழுக்கியிருந்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில்தான். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர ஒன்றரை மாதம் இழுத்தார்.

இரண்டாவது தவறு என் சிக்கனம். தெர்மோஸ்டாட் இல்லாத பிளேட்டை எடுத்தேன். ஆயில் எப்போதும் கூலர் வழியாகவே சுற்றும். மார்கழியில் ஒரு வாரம் மெட்டுக்கு அப்பால் பூப்பாறையில் தங்கி, தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினேன். ஆயில் 70ஐத் தாண்டவில்லை. ஊருக்கு வந்து ஆயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் முழுக்க திரட்டுப்பால் மாதிரி வெளிறிய பிசுக்கு. ஹெட் கேஸ்கட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டதென்று நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. கூலன்ட் ஒரு சொட்டும் குறையவில்லை. நடந்தது வேறு: பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவியில் கொஞ்சம் ஆயிலுக்குள் வந்து சேரும், ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். நான் ஆயிலை ஆறவைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் உள்ள பிளேட் 80 டிகிரி வாக்கில்தான் கூலருக்கு வழி விடும். மூடியிருக்கும்போதும் துளி ஆயிலைக் கசியவிடும், திறக்கிற நேரத்தில் கூலர் காலியாக இருக்காது. மலைப் பக்கம் காற்றுக் கூலர் போடுகிறவர் இது இல்லாமல் போடவே கூடாது.

மூன்றாவது, ஹோஸ். எஃகு வலை பின்னிய ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் அதிர்வில் எதன் மேல் உரசினாலும் அரம் மாதிரி அராவும். என்னுடையது ரேடியேட்டரைத் தாங்கும் பட்டியில் பெயின்டைத் தின்று, தகட்டில் பள்ளம் போட்டுவிட்டது. இப்போது உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டு, கிளிப்பால் கட்டியிருக்கிறேன். வலைக்குள் இருப்பது ரப்பரென்றால் அஞ்சாறு வருடத்தில் விறைத்துப்போகும். டெஃப்லான் என்றால் அந்தக் கவலை குறைவு, ஆனால் கூர்மையாக மடித்தால் நெளிந்துவிடும். சாதாரண ரப்பர் ஹோஸைச் சொருகித் திருகு கிளிப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு பலன் என்ன? போடியிலிருந்து தேனி வரை சமதளத்தில், 80 வேகத்தில், ஆயில் 94. பிரமாதம். மெட்டில்? 116. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்றுக் கூலர் வேகத்தை நம்பி வாழ்கிறது. 20 வேகத்தில் இரண்டாம் கியரில் ஊர்கிற வண்டிக்கு முன்னாலிருந்து வரும் காற்று போதவே போதாது. முதலில் கூலரை பம்பரின் ஓரத்தில் வைத்திருந்தேன், ரேடியேட்டர் விசிறியின் இழுப்பு அங்கே எட்டவில்லை. நடுவில், ரேடியேட்டருக்கு முன்னால் நகர்த்திய பிறகு 112 ஆனது. அதற்கு விலையாகத் தண்ணீர் முள் ஒரு கோடு ஏறியது. பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதானே போகிறது.

மச்சினன் டப்பா: தண்ணீர்

இதில் முன்னால் போகிற நீள ஹோஸ் கிடையாது. பல கம்பெனி வண்டிகளில் பில்டருக்கு அடியில் பிறக்கும்போதே இருக்கிற அதே சாமான். உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள். ஒரு அடுக்கில் ஆயில், அடுத்ததில் கூலன்ட். ஹீட்டருக்குப் போகிற தண்ணீர்க் குழாயை வெட்டி இணைத்தான். அரை நாள் வேலை. பார்த்தால் கூலர் இருப்பதே தெரியாது.

இதன் சூட்சுமம் இரண்டு பக்கமும் வேலை செய்வது. விடிகாலை பூப்பாறைக் குளிரில் தண்ணீர் முதலில் சூடேறும், அது ஆயிலையும் கூடவே இழுத்துச் சூடேற்றும். பிசுக்குப் பிரச்சினை அவனுக்கு வரவே இல்லை, தெர்மோஸ்டாட் தனியாகத் தேவையும் இல்லை. மெட்டில் ஊர்ந்தாலும் ரேடியேட்டர் விசிறி ஓடுகிறவரை வேலை நடக்கும். அவன் மீட்டர் மெட்டில் 108, சமதளத்தில் 101. சூடேறிய பிறகு ஆயில் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே போகாது, போகவும் வேண்டாம்.

இதற்கும் கெட்ட பக்கம் உண்டு. ஆயிலிலிருந்து எடுத்த சூடு ரேடியேட்டர் தலையில்தான் விழுகிறது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால் ஆயிலைக் காப்பாற்றப்போய் இன்ஜினைக் கொதிக்கவிடுவோம். கூலன்ட்டுக்குப் பதில் வாய்க்கால் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் துரு அந்தச் சின்ன வழியை அடைக்கும். உள்ளே தகடு ஓட்டை விழுந்தால் ஓடும்போது ஆயில் தண்ணீரில் கலக்கும், நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரலாம். அப்புறம் அவன் முதலில் வாங்கியது காயலாங்கடை சரக்கு. மெக்கானிக் அண்ணன் அதை மண்ணெண்ணெயில் அலசிக் கவிழ்த்தார். வெள்ளைத் துணியில் மினுமினுவென்று உலோகத் தூள் விழுந்தது. எந்த இன்ஜின் செத்ததோ, அதன் சாம்பல். மூன்று தடவை அலசினார், மூன்றாவது தடவையும் விழுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினான். காற்றுக் கூலரும் இதே கதைதான்: பேரிங் போன இன்ஜினில் இருந்த கூலரை என்ன கழுவினாலும் நம்ப முடியாது.

பராமரிப்பில் அவனுக்கு வேலை குறைவு. கூலன்ட்டை நேரத்துக்கு மாற்றுவது, அதில் ஆயில் மிதக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது. நான் மழைக்காலம் முடிந்ததும் கூலரைப் பின்பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் பட்டால் தகடு மடங்கிவிடும். பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளேட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், இரண்டு வளையம் சேர்ந்தால் கட்டாயம் ஒழுகும். என் வண்டிக்கு முக்கால் லிட்டர் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். ஆயில் மாற்றினாலும் கூலருக்குள் பழசு கொஞ்சம் தங்கும். புதிதாக மாட்டிய அன்று பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினோம். கூலரில் குழாய் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழே பார்த்திருந்தால் காற்று மேலே மாட்டிக்கொள்ளும்.

மெட்டுக்கு அப்பால் கேரளம் என்பதால் ஒரு வார்த்தை. மாற்றம் செய்த வண்டிகளை அந்தப் பக்கம் கூர்ந்து பார்ப்பார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். கிரில்லுக்குள் அடங்கிய என் கூலரை இதுவரை யாரும் கேட்டதில்லை. பம்பரை வெட்டி வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார்கள். வாரண்டி உள்ள வண்டியென்றால் இரண்டையும் தொடாதீர்கள்.

ஆக, மெட்டு ஏறுகிற வண்டிக்கு மச்சினன் டப்பாதான் சரி. இதை அவன் முன்னால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மதுரை, கோயம்புத்தூர் என்று நாலு வழிச் சாலையில் மணிக்கணக்கில் விரட்டுகிறவருக்கு என்னுடையது. போன மாதம் அவன் மதுரை ஓட்டத்துக்கென்று ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினான். “மச்சான், உங்க கூலர் சும்மாதானே இருக்கு, கழட்டிக் கொடுங்களேன்” என்கிறான். சும்மா இல்லை மாப்ள, 112 காட்டுது என்றேன். கேட்டுக்கொண்டே இருக்கிறான். சரி, முதலில் உன் பில்டரைக் கழற்றி மரை அளவு பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.