பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நீலகிரி கூடலூர்ப் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள், வீட்டிலும் சொல்லிவையுங்கள். பூர்வீக ஊரையும் குலதெய்வத்தையும் கண்டுபிடித்துத் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் போடும் ஒரு கும்பலிடம் 18,500 ரூபாய் பறிகொடுத்திருக்கிறேன்.

இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்த குடும்பம் எங்களுடையது. ஊர் எது என்றால் தாத்தா "துறையூர்ப் பக்கம்" என்பார், அதோடு சரி. பையனுக்கு முதல் முடி எடுக்கணும், எந்தக் கோயிலுக்குப் போவது? அந்த நேரம் பார்த்து இந்த விளம்பரம்.

போனில் பேசியவன் வார்த்தைக்கு வார்த்தை அக்கா போட்டான். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, வந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாம், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி என்று எங்கள் வீட்டுக் கதையை அவனே எடுத்துக்கொடுத்தான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அழுதே விட்டார். "தாத்தா பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான். அனுப்பினேன். 18,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

வந்தது ஒரு பிடிஎஃப். தங்கக் கலர் பார்டர், சிங்கம் போட்ட முத்திரை. நாங்கள் கண்டி ராஜாவின் தளபதி பரம்பரையாம்! ஆதாரம் 200 வருடத்து ஓலைச்சுவடியாம். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரை எழுதிய கிளார்க் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். ஓலைச்சுவடியிலும் அதே எழுத்தைக் காணோம், நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எழுதியதுதான். 1820இல் தளபதி தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார் என்று வேறு எழுதியிருக்கிறான். இலங்கையில் தேயிலை தோட்டப் பயிராக ஆரம்பித்ததே 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் போட்டபோதுதான். அதற்கு முன்னால் காப்பி. நம் ஜனங்கள் அங்கே போனது கூலி வேலைக்கு, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ராஜா கதையை யார் கேட்டது? நான் கேட்ட குலதெய்வம் என்ற கட்டத்தில் "ஆய்வில் உள்ளது" என்று ஒரு வரி.

போன் செய்தால் "சார் மீட்டிங்கில் இருக்கார்". அடுத்து, சுவடி படிப்பவர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறாராம். அப்புறம் புது ராகம்: இன்னும் 6,000 கட்டினால் எச்சில் எடுத்து டிஎன்ஏ டெஸ்ட் செய்து தளபதி வம்சத்தை உறுதி செய்வார்களாம். டிஎன்ஏவில் குலதெய்வமும் தெரியாது, தளபதி பதவியும் தெரியாது. 18,500 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றதும் "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு முன்னோர் வழிகாட்ட மாட்டாங்கக்கா" என்றான். என்ன திமிர்! அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் வரவில்லை. பாஸ்போர்ட், குடும்ப அட்டை போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். ராஜா, தளபதி என்று ஆரம்பித்தாலே போனை வையுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் அடித்துப் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன், இப்போது பேங்குக்குக் கிளம்புகிறேன்.