பழைய கன்சியூமர் யூனிட்: பிரேக்கரை மட்டும் மாற்றலாமா, பெட்டியையே மாற்றலாமா?

லண்டனில் நாங்கள் வாங்கியது நூறு வருடம் தாண்டிய வரிசை வீடு. படிக்கட்டுக்கு அடியில், குடையும் விளக்குமாறும் வைக்கும் அலமாரிக்குள், பழுப்பு நிறத்தில் வைலெக்ஸ் கம்பெனியின் ஒரு பெட்டி. வீட்டு மின்சாரத்தைச் சர்க்யூட்களாகப் பிரித்துக் கொடுக்கும் கன்சியூமர் யூனிட் அதுதான். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்சான பிரேக்கர் உள்ளே கிடையாது, கம்பி சுற்றிய ஃபியூஸ்கள்தான். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு வண்ணப் பொட்டு: வெள்ளை என்றால் 5 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, சிவப்பு 30, பச்சை 45. மெயினை அணைத்துவிட்டுச் சிவப்புப் பொட்டு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பியை முறுக்கிச் சுற்றியிருந்தது. அடிக்கடி போகிறதே என்று எப்போதோ யாரோ செய்துவிட்டுப் போன வேலை.

ஒற்றைக் கம்பியே போதுமான அளவுக்குத் தாராளமானது. 30 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி உருக ஏறக்குறைய 60 ஆம்பியர் ஓட வேண்டும். அதே இடத்தில் 32 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால், 46 ஆம்பியர் அளவிலேயே ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். இரட்டைக் கம்பி என்றால் சுவருக்குள் இருக்கும் கேபிள்தான் ஃபியூஸ்.

இந்தப் பெட்டிக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஃபியூஸைப் பிடுங்கிய அதே துளைகளில் செருகுகிற வைலெக்ஸ் பிரேக்கர்கள் புதிதாகவே கிடைக்கின்றன. வயரைத் தொட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆம்பியருக்கு ஏற்பச் செருகு முனையின் அகலம் மாறும். சிவப்புக்கு உரியது வெள்ளையின் இடத்தில் நுழையாது. விளக்குச் சர்க்யூட்டின் மெல்லிய வயருக்கு மேல் யாரும் 30 ஆம்பியரைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நுழையவில்லையே என்று அடிப்பகுதியை மாற்றிப் பொருத்தாதீர்கள். பொட்டின் நிறத்தை நம்புவதைவிட அங்கே வந்து சேரும் வயரின் தடிமனைப் பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த வழி ஆளைக் காப்பாற்றாது. மின்சாரம் பட்டால் உடம்பு வழியாக ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு. 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.டி. தான் அந்த வேலையைச் செய்யும். அந்தப் பழைய பெட்டிக்குள் அதற்கு இடமில்லை.

என் மச்சான் வீட்டில் நிலைமை வேறு. எண்பதுகளில் வைத்த பெட்டி, உள்ளே பிரேக்கர்கள் இருக்கின்றன, ஆனால் அந்த வரிசை இப்போது தயாரிப்பில் இல்லை. சமையலறை பிரேக்கரைத் தூக்கினால் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. இப்படி விழுந்தால் முதலில் பிரேக்கரைச் சந்தேகிக்காதீர்கள். அந்தச் சர்க்யூட்டில் இருக்கும் கெட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். அப்போது நின்றால் கோளாறு பெட்டியில் இல்லை. எதுவுமே மாட்டாமல் விழுந்தால்தான் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயரையும் பிரேக்கரையும் சோதிக்க வேண்டும்.

மச்சானுடையது பிரேக்கர்தான் பழுது. அதன் முகத்தில் 'பி.எஸ். 3871, டைப் 2' என்று இருந்தது. 1994இல் கைவிடப்பட்ட தரம் அது. அதில் டைப் 1 என்றால் தன் அளவைப்போல 2.7 முதல் 4 மடங்கில் உடனே விழும், டைப் 2 என்றால் 4 முதல் 7 மடங்கில், டைப் 3 என்றால் 7 முதல் 10 மடங்கில். இன்றைய பிரேக்கரில் பி என்றால் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10. டைப் 1க்கு பி-யும் டைப் 3க்கு சி-யும் ஏறக்குறையப் பொருந்தும். டைப் 2தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

கடையில் பி இல்லை, சி இருக்கிறது என்று நீட்டினால் வாங்கி வந்துவிடாதீர்கள். பி 32 உடனே விழ 160 ஆம்பியர் போதும். சி 32க்கு 320 வேண்டும். அவ்வளவு ஓட வேண்டுமானால் எர்த் சுற்றின், அதாவது லைவ் வயர் எர்த்தைத் தொட்டால் மின்சாரம் ஓடித் திரும்பும் பாதையின், தடை 0.68 ஓமுக்குள் இருக்க வேண்டும். பி-க்கு 1.37 வரை தாங்கும். பழைய வீட்டில் அந்த 0.68 கிடைக்குமா என்பதை மீட்டர் வைத்து அளந்தால்தான் சொல்ல முடியும்.

மச்சான் இணைய ஏலத்தில் பழைய பிரேக்கர் ஒன்றை வாங்கினார். உறையைப் பிரித்தால், வயர் முடுக்கும் திருகைச் சுற்றி பிளாஸ்டிக் காப்பி நிறத்துக்குக் கறுத்திருந்தது. எங்கோ சூடேறிக் கழற்றப்பட்டது அது. லீவர் மேலும் கீழும் நன்றாகவே போனது, 'கிளிக்' சத்தமும் வந்தது. ஆனால் நெருப்பு நேரத்தில் அது விழுமா என்பதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆர்.சி.டி.யில் இருப்பதுபோல் இதில் டெஸ்ட் பொத்தானும் கிடையாது. பெட்டி உடைக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் யோசிக்கலாம். கழற்றியதை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது, வேறு கம்பெனி பிரேக்கரைப் போடுவது. எல்லாம் ஒரே 35 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் உட்காருகின்றன, அகலமும் ஒன்றே, அதனால் பலர் ஏமாந்துபோகிறார்கள். தண்டவாளம் பொதுதான், பிரேக்கர்களுக்கு மின்சாரம் கொடுக்க அடியில் ஓடும் செம்புப் பட்டை பொதுவல்ல. பட்டையின் பல் எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் நுழைய வேண்டும் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. அரைகுறையாகக் கடித்த பல் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, மின்சார ஷவர் போடும்போதுதான் சூடேறும். மச்சான் வீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்து எலக்ட்ரீசியன் அண்ணையிடம் இதைக் கேட்டேன். "தம்பி, பூட்டினால் பூட்டுப்படும். ஆனா நான் பூட்ட மாட்டன்" என்றார்.

மிஞ்சுவது புதுப் பெட்டி. வேலையோடு சேர்த்தால் செலவு சில நூறு பவுண்டு வரும். 2016 ஜனவரி முதல் இங்கே வீடுகளுக்கான பெட்டி தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும், அதனால் இரும்புப் பெட்டிதான் வரும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஆர்.சி.பி.ஓ. கேளுங்கள். பிரேக்கரும் ஆர்.சி.டி.யும் ஒன்றாகச் சேர்ந்தது அது. ஃபிரிட்ஜில் கசிவு வந்தால் வீடே இருளாது. இங்கிலாந்தில் ஒரு பிரேக்கரை அதே வகையால் மாற்ற யாருக்கும் தெரிவிக்க வேண்டாம். பெட்டியை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற எலக்ட்ரீசியன் என்றால் அவரே அதைச் செய்து சான்றிதழ் தருவார். மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் தடித்த வயர்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், கையை வைக்காதீர்கள்.

பழைய வீட்டில் புதுப் பெட்டி வேறு சில உண்மைகளையும் வெளியே கொண்டுவரும். 1966க்கு முன் வயரிங் செய்த வீடுகளில் விளக்குச் சர்க்யூட்டுக்கு எர்த் வயரே இல்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் வந்தது இன்னொன்று. நாங்கள் குளிர்காலத்தைச் செருகு பிரேக்கர்களோடு ஓட்டிவிட்டு, வசந்தத்தில் பெட்டியை மாற்றினோம். எல்லாம் முடிந்து படிக்கட்டு விளக்கைப் போட்டதும் டப்பென்று விழுந்தது. அந்த விளக்குக்கு லைவ் கீழ்த்தளத்திலிருந்து, நியூட்ரல் மேல்தளத்திலிருந்து. போன மின்சாரம் தன் வழியாகத் திரும்பி வரவில்லை என்றால் ஆர்.சி.பி.ஓ. அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். பழைய ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனை வருடமும் கீழ்த்தள ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு, மின்சாரம் இல்லை என்று நம்பி விளக்கைக் கழற்றியவர்கள் கையில், அணைக்கப்படாத மேல்தளச் சர்க்யூட்டின் நியூட்ரல் இருந்திருக்கிறது. புதிதாக ஒரு கேபிள் இழுத்துச் சரிசெய்ய அரை நாள் ஆனது. விலை கேட்கும்போதே, படிக்கட்டு விளக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.