சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பல் அறுவை: நான்கு வரி டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள்

பல் அறுவை முடிந்து வந்த எங்கள் பூனையோடு கிளினிக்கில் கொடுத்தனுப்பிய சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பல் 3 எடுக்கப்பட்டது. அழற்சிக்கு நீண்டநாள் ஊசி போடப்பட்டது. இன்சுலின் வழக்கம்போல். 10 நாள் கழித்து வரவும்."

பதினொரு வயது, 5 கிலோ எடை, கிளார்ஜின் என்ற இன்சுலின் காலையும் மாலையும் 2 யூனிட். நான்கு மாதமாக சுகர் 120-க்கும் 220-க்கும் நடுவில் அடங்கியிருந்த பூனை அது. சீட்டு வந்த ஏழு வாரத்துக்குள் சுகர் 500-ஐத் தாண்டியது, பிறகு 38-க்கு விழுந்து வலிப்பு வந்தது, தாடையில் சீழ் கட்டியது, இரண்டாவது முறையும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. இவற்றில் ஒன்றுகூட சர்க்கரை நோயால் வந்ததல்ல. கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள், அது ஏன் தவறு என்பது தெரிந்தால் போதும், வேறெங்கே நடந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு பயத்தை விலக்கிவிடுவோம். "சுகர் இருக்கிறது, அதனால் பல்லைத் தொடக்கூடாது" என்பது சரியல்ல. ஈறும் வேரும் அழுகிக்கிடந்தால் அந்த அழற்சியே இன்சுலினை வேலை செய்யவிடாது. நோயுள்ள பல் வாயில் இருக்கும்வரை சுகர் ஒரு கட்டுக்குள் வராத பூனைகள் நிறைய. அறுவையைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பல்ல. மயக்கம் கொடுக்காமல் சுரண்டிவிடும் 'கிளீனிங்'கும் மாற்று அல்ல. அது ஈறுக்கு மேலே தெரிவதை மட்டும் வெள்ளையாக்கும்; நோய் இருப்பது ஈறுக்குக் கீழே.

இப்போது சீட்டின் இரண்டாவது வரி. அதிகக் கேடு செய்தது அதுதான். 'நீண்டநாள் ஊசி' என்று எழுதப்பட்டது மெத்தில்பிரட்னிசொலோன் அசிடேட் என்ற டெப்போ ஸ்டீராய்டு. ஒருமுறை தசையில் போட்டால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். திரும்ப எடுக்க வழியில்லை. ஸ்டீராய்டு கல்லீரலைக் குளுக்கோஸ் உற்பத்தி செய்யத் தூண்டும், உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் செய்யும். சுகர் இல்லாத பூனையையே சர்க்கரை நோயாளி ஆக்கக்கூடிய மருந்து. சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பல் பிடுங்கிய வீக்கத்துக்காக இதைப் போட எந்த நியாயமும் இல்லை.

ஐந்தாம் நாள் 512. போனில் கேட்டபோது "3 யூனிட் போடுங்கள்" என்றார்கள். அடுத்த வாரம் 4 ஆக்கச் சொன்னார்கள். போட்ட ஊசியையும் ஏறிய சுகரையும் அங்கே யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏற்றிய டோஸை எப்போது இறக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஸ்டீராய்டு வடிந்தது. இன்சுலின் மட்டும் 4 யூனிட்டிலேயே நின்றது. அந்த வாரம்தான் 38.

ஆகவே, சம்மதப் படிவத்தில் கையெழுத்து போடுமுன் "ஸ்டீராய்டு எந்த வடிவிலும் வேண்டாம், அவசியம் என்றால் முதலில் எங்களைக் கேளுங்கள்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். 'அழற்சி ஊசி', 'வீக்க ஊசி' என்று சொன்னால் மருந்தின் முழுப்பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டார்களா? தினம் இரண்டு இன்சுலின் ஊசிக்கும் முன்னால் வீட்டிலேயே சுகர் பாருங்கள். டோஸை ஏற்றும் அன்றே இறக்கும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

'பல் 3 எடுக்கப்பட்டது' என்ற வரியில் எந்தப் பல் என்று இல்லை. பூனைக்கு 30 பல். ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. கீழ்த்தாடையின் 307, 407 இரண்டும் பல் கரைவு நோய் (பல்லை உடலே கரைத்துவிடுவது) அதிகம் தாக்கும் இடங்கள். கரைவிலும் வகை உண்டு. வேர் தன் வடிவத்தோடு இருந்தால் முழு வேரையும் எடுத்தாக வேண்டும். வேர் எலும்போடு எலும்பாகக் கரைந்து கலந்திருந்தால் மட்டும் மேற்பகுதியை வெட்டிவிட்டு ஈறை மூடித் தைக்கலாம். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல் எக்ஸ்ரே வேண்டும். இங்கே எக்ஸ்ரே கருவியே இல்லை. பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி ஈறை மூடிவிட்டார்கள். மூன்றாவது வாரம் வலது தாடை வீங்கியது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், வற்றியது, நிறுத்தியதும் திரும்ப வீங்கியது. வேறொரு இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் 407-இன் இரண்டு வேரும் அப்படியே இருந்தன. வேர் உள்ளே இருக்கும்வரை ஆன்டிபயாடிக் சீழைத் தள்ளித்தான் போடும்.

எக்ஸ்ரே இல்லாத இடத்தில் பூனைக்குப் பல் பிடுங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அறுவைக்கு முன் முழுவாய்ப் படம், எடுத்த பிறகு அந்தந்த இடத்தின் படம், இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அறுவை நாளின் காலை எப்படிப் போயிற்று என்பது சீட்டில் இல்லை. முந்தின இரவு எட்டு மணியிலிருந்து பட்டினி, காலை ஏழுக்கு முழு 2 யூனிட், அறுவை மதியம் இரண்டுக்கு. பதினெட்டு மணி நேரம் வெறும் வயிறு, உடம்பில் முழு இன்சுலின். மயக்கத்தில் இருக்கும் பூனை தள்ளாடாது, பசியில் கத்தாது. சுகர் விழுந்தாலும் வெளியே தெரியாது. இடையில் ஒருமுறைகூட சுகர் பார்த்ததற்குப் பதிவில்லை.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2020 மயக்க மருந்து வழிகாட்டுதல், சர்க்கரை நோயுள்ள பூனைக்கு 2 முதல் 4 மணி நேரப் பட்டினி போதும் என்கிறது: காலையில் ஈர உணவு பாதியளவு, இன்சுலின் பாதி டோஸ். அன்றைய சுகரைப் பார்த்து மருத்துவர் இதை மாற்றலாம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அறுவை அன்றைய முதல் வேலையாக இருக்கட்டும். மயக்கத்தில் அரைமணிக்கொரு முறை சுகர், குறைந்தால் ட்ரிப்ஸில் டெக்ஸ்ட்ரோஸ், மாலைக்குள் வீட்டில் உணவு. இந்தத் திட்டத்தை முந்தின நாளே எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் வந்தால் வேறு இடம் தேடுவது நல்லது.

பூனை வாய்க்கென்றே சில ஆபத்துகள் உண்டு, அவற்றையும் கேட்டுவைக்கலாம். ஸ்பிரிங் வைத்த வாய்த்திறப்பான் வாயை முழுக்க விரித்தபடி வைத்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தம் நெரிபட்டுப் பூனை பார்வை இழக்கலாம். மூச்சுக்குழலில் வைக்கும் டியூபின் பலூனை அதிகம் ஊதினாலோ, டியூபை மயக்க மருந்து இயந்திரத்தின் குழாயிலிருந்து கழற்றாமல் பூனையைப் புரட்டினாலோ குழல் கிழியும். வீட்டுக்கு வந்தபின் கழுத்துத் தோலுக்கடியில் நறநறவென்று காற்று தட்டுப்பட்டால் உடனே திரும்ப ஓட வேண்டும். மேல் கோரைப்பல் எடுத்த பூனை தும்மித் தும்மி மூக்கு ஒழுகினால், வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சீட்டில் வலி மருந்து என்று எதுவுமே இல்லை. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இது வெறும் இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் இன்சுலின் கணக்கே குலையும். பயந்து இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலம்) ஏறும். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படியும். இந்தப் பூனை இரண்டு நாள் கிண்ணத்தின் அருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. பசி இருந்தது, வாய் விடவில்லை.

பல் எடுக்கும்போது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, வீட்டுக்குச் சில நாள் வலி மருந்து, இரண்டும் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பெரும்பாலும் தருவது புப்ரெனார்ஃபின். கிலோவுக்கு 0.02 மி.கி. என்று எழுதினால் 5 கிலோ பூனைக்கு 0.1 மி.கி.; மி.லி.க்கு 0.3 மி.கி. உள்ள மருந்தில் அது மி.லி.யில் மூன்றில் ஒரு பங்கு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட வேண்டும்; விழுங்கிவிட்டால் பெரிதாகப் பலன் தராது. மெலாக்சிகாம் போன்ற ஸ்டீராய்டு அல்லாத வலி மருந்துகள் சிறுநீரகம் நன்றாக இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் ஒரு துணுக்குகூட வேண்டாம், பூனைக்கு அது விஷம். கிளிண்டாமைசின் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் விடுங்கள்; உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.

முதல் இரண்டு வாரம் மசித்த ஈர உணவுதான். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்: சுகர் எவ்வளவு, எவ்வளவு சாப்பிட்டது. பாதிதான் சாப்பிட்டால் எவ்வளவு டோஸ், எதுவும் சாப்பிடாவிட்டால் எவ்வளவு, எந்த அளவுக்குக் கீழே போனால் ஊசியே கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்க வேண்டும். 24 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. கிளினிக் மேசையில் எடுத்த ஒற்றை அளவை நம்பி டோஸ் ஏற்ற விடாதீர்கள். பயத்திலேயே பூனைக்கு 300, 400 வரும்.

தள்ளாட்டம், திடீர்ப் பசி, விரிந்த கண்மணி, வெறித்த பார்வை: சுகர் இறங்குகிறது. விழுங்கும் நிலையில் இருந்தால் உணவும் தேனும். வலிப்பில் இருந்தால் வாய்க்குள் விரலை விடாமல், உதட்டோரத்து ஈறில் குளுக்கோஸ் பாகு தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிரிஞ்சையும் ஒருமுறை பாருங்கள். இங்கே சொல்லும் கிளார்ஜின் யூ-100, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதை யூ-40 சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்.

இரண்டாவது கிளினிக்கில் வேரை எடுத்தார்கள். 38-க்குப் பிறகு டோஸ் மறுபடி 2 யூனிட்டுக்கு வந்திருந்தது. அவர்கள் கொடுத்தது இரண்டு பக்கம்: பல் வரைபடம், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, அரைமணிக்கொரு சுகர் அளவு, ஒவ்வொரு மருந்தும் எத்தனை மி.கி., முதல் பதினான்கு நாளுக்கான இன்சுலின் அட்டவணை. அட்டவணையில் ஒரு குறிப்பும் இருந்தது: "வாயின் அழற்சி அடங்க அடங்க இன்சுலின் தேவை குறையலாம், 90-க்குக் கீழே வந்தால் ஊசிக்கு முன் அழைக்கவும்." ஆறாம் நாள் காலை 74 வந்தது. அழைத்தோம். அந்த வேளை ஊசியை நிறுத்திவிட்டு, மாலை அளவைக் கேட்டு 1 யூனிட்டில் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள்.