பன்றிச் சிறுநீரகம்: 10 திருத்தமா, 69 திருத்தமா?

வாரம் மூன்று முறை, நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்கிறவனுக்கு, சிறுநீரகம் யாருடையதாக இருந்தாலும் சரிதான். மரபணுவைத் திருத்திய பன்றியுடையதை அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் சோதனை முறையில் தருகின்றன. நான் வாங்கியவன் இல்லை. பொருத்திக்கொண்டவர்களுக்கு என்ன ஆனது என்பதை வைத்துத்தான் மதிப்பெண்.

யுனைடெட் தெரபியூட்டிக்ஸ் சரக்கில் 10 மரபணு மாற்றங்கள். பன்றியின் நாலு மரபணுக்களை முடக்குகிறார்கள். அவற்றில் மூன்று, பன்றிச் செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளை உண்டாக்குபவை. அந்தச் சர்க்கரையைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) நம் இரத்தத்தில் முன்கூட்டியே தயாராக நிற்கிறது. அப்படியே வைத்தால் உறுப்பு சில மணி நேரத்தில் செத்துப்போகும், சமயத்தில் நிமிடங்களிலேயே. நாலாவதுதான் எனக்குப் பிடித்தது: வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பி. அதை முடக்காவிட்டால், நம் வயிற்றுக்குள் வந்த பிறகும் சிறுநீரகம் பன்றிக் கணக்கிலேயே வளரப் பார்க்கும். யோசித்துச் செய்திருக்கிறார்கள். மிச்சம் ஆறும் சேர்க்கப்படும் மனித மரபணுக்கள்.

ஈஜெனசிஸ் 69 என்கிறது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் 59, பன்றியின் மரபணுத் தொகுதியிலேயே பரம்பரையாக வரும் வைரஸ்களை முடக்க. உடம்பு ஏற்பதற்கான வேலை இங்கேயும் 10தான். அப்புறம், 2022இல் மேரிலேண்டில் பன்றி இதயம் பெற்றவருக்குள் கிடைத்தது வேறு வைரஸ், பன்றி சைட்டோமெகலோவைரஸ். அதற்கு மரபணுத் திருத்தம் உதவாது. கொட்டிலின் சுத்தமும் கறாரான பரிசோதனையும்தான் வழி.

எத்தனை நாள் தாங்குகிறது என்பதில்தான் மதிப்பெண் குறைகிறது. 10 திருத்தச் சிறுநீரகம் 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டு 130 நாள் ஓடியது. 69 திருத்தச் சிறுநீரகம் 2025 ஜனவரியில் பாஸ்டனில் ஒருவருக்கு வைக்கப்பட்டு 271 நாள். இரண்டையும் எடுத்துவிட்டார்கள், இருவரும் டயாலிசிஸுக்கே திரும்பினார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளிலும் சலுகை கிடையாது.

5க்கு 3 தருவேன். உயிருள்ள உறவினரின் சிறுநீரகம் கிடைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். காத்திருப்புப் பட்டியலின் அடியில் கிடக்கும் என் போன்றவர்களுக்குக் கணக்கு வேறு. 271 நாள் ஊசி இல்லை, குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளக்க வேண்டாம். கேட்டால் கையெழுத்துப் போடுவேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவை மட்டும் மூட விடமாட்டேன்.